ஜபோரோஷெட்ஸின் பெட்ரோல் ஹீட்டர்: நான் பார்த்ததும் பயணித்ததும்

உக்ரைனின் ஜபோரிஜியாவில் மருத்துவம் படித்த காலத்தில் எங்கள் வீட்டுக்காரத் தாத்தாவிடம் ஒரு ஜபோரோஷெட்ஸ் 968எம் இருந்தது. அந்த ஊர்த் தொழிற்சாலையிலேயே 1994 வரை தயாரான கார். பின்பக்கம் வி4 இன்ஜின், அதைக் குளிர்விப்பது வெறும் காற்று. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீரும் கிடையாது. மற்ற கார்களில் இன்ஜினைச் சுற்றிவரும் சுடுதண்ணீர்தான் உள்ளே கதகதப்பைத் தரும். இதில் அந்த வழி இல்லாததால், முன்பக்க டிக்கிக்குள் பெட்ரோலில் எரியும் ஹீட்டர் ஒன்றைத் தனியாகவே வைத்திருந்தார்கள். அங்கே எல்லோரும் அதைப் பெச்கா, அதாவது அடுப்பு, என்பார்கள்.

ஒரு நாள் தாத்தா மூடியைத் திறந்து காட்டினார். சின்ன எலக்ட்ரிக் பம்ப் பெட்ரோலை அனுப்புகிறது, க்ளோ பிளக் சிவந்து அதைப் பற்ற வைக்கிறது. தீ எரிவது மூடிய உலோக அறைக்குள். ஃபேன் தள்ளும் காற்று அந்த அறையின் வெளிச்சுவரை உரசிச் சூடாகி நம் காலடிக்கு வருகிறது. புகைக்குத் தனிக் குழாய், அது காருக்கு வெளியே போய்விடும். புகையும் நாம் சுவாசிக்கும் காற்றும் எங்கும் கலக்கக் கூடாது. மொத்தப் பாதுகாப்பும் அந்த ஒரு சுவரில்தான் இருக்கிறது.

மைனஸ் 15 டிகிரிக் காலையில் அந்த காரில் போன சுகத்தை இன்றும் மறக்க முடியவில்லை. இன்ஜின் சூடாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, தெருமுனை தாண்டுவதற்குள் கண்ணாடியில் படிந்த பனி இளகிவிடும். பிறகு ஜெர்மனியில் நண்பரின் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் போனபோதுதான் இதன் அருமை புரிந்தது. அதுவும் காற்றால் குளிரும் இன்ஜின் கொண்ட கார்தான். அதில் எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றிய உறைக்குள் காற்றை ஓட்டிச் சூடாக்குகிறார்கள். சிக்னலில் நின்றால் சூடு குறைந்துவிடும், காற்று வரும் பக்கவாட்டுத் தகடுகள் துருப்பிடித்திருந்தால் பாதி வழியிலேயே வெளியேறிவிடும். ஃபோக்ஸ்வேகனே எபர்ஸ்பாகர் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பெட்ரோல் ஹீட்டரைக் கூடுதல் வசதியாகக் கொடுத்தது. 1968-இல் வந்த ஃபோக்ஸ்வேகன் 411 மாடலில் பெட்ரோல் ஹீட்டர் காருடனேயே வந்தது. அமெரிக்காவில் காற்றால் குளிரும் இன்னொரு காரான 1960 செவ்ரோலெட் கார்வேருக்கும் இப்படி ஒன்றைக் கேட்டு வாங்க முடிந்தது.

சரி, பயப்படும்படி எதுவும் நடக்கவில்லையா? ஒருமுறை நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஹீட்டர் பற்றாமல் போகப் போக, விடாமல் ஸ்விட்சைப் போட்டுக்கொண்டே இருந்தார். அறைக்குள் பெட்ரோல் தேங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கடைசியில் பற்றியபோது டமார் என்று சத்தம், புகைக்குழாய் வழியாக ஒரு முழம் தீ. யாருக்கும் காயமில்லை. பற்றவில்லை என்றால் நிறுத்திவிட்டு பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று தாத்தா அவரைக் கடிந்துகொண்டார். வீடு வருவதற்குச் சற்று முன்பே ஹீட்டரை அணைத்துவிடுவதும் தாத்தாவின் வழக்கம். தீ அணைந்த பிறகும் ஃபேன் சிறிது நேரம் ஓடி அறையை ஆற்ற வேண்டும். இன்ஜின் நின்ற பிறகு ஓட்டினால் பேட்டரி இறங்கிவிடும்.

இதை வெடிகுண்டு என்று சொல்லிக் கழற்றி எறிபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. நன்றாகப் பராமரித்தால் இந்த வகை கார்களுக்கு இதைவிட நல்ல சூடு கிடையாது. ஆனால் பல வருடம் சும்மா கிடந்த ஹீட்டரை அப்படியே போட்டுப் பார்க்காதீர்கள். முதலில் எரியும் அறையைக் கழற்றி விரிசலோ துரு ஓட்டையோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்பு விட்ட பெட்ரோல் ஹோஸை அன்றே மாற்றுங்கள். அப்புறம், காருக்குள் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் இருக்கட்டும். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, மூக்கை நம்ப முடியாது.