ஐரிஷ் ரெட் செட்டர்: மார்பில் வெள்ளை இருந்தால் கலப்பா?

செம்பட்டை: ஐரிஷ் செட்டர் நாய் என்றால் மூக்கு முதல் வால் நுனி வரை ஒரே செம்பழுப்பு. மார்பில் விரலகலம் வெள்ளை தெரிந்தாலும் எங்கேயோ கலந்திருக்கிறது. குட்டி எடுக்கிறவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மோப்பக்காரன்: எந்த விதிப்படி? 1886இல் டப்ளினில் ரெட் செட்டர் கிளப் ஏற்ற முதல் ஸ்டாண்டர்டே (இனம் எப்படி இருக்க வேண்டும் என்ற விதித்தொகுப்பு) மார்பு, தொண்டை, கால்விரலில் வெள்ளை, நெற்றியில் சிறு பொட்டு, முகத்தில் மெல்லிய கீற்று இவற்றுக்காக நாயைக் கழிக்கக் கூடாது என்கிறது. உலக நாய்க் கழகக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் இன்றைய 120ஆம் எண் ஸ்டாண்டர்டிலும் அது அப்படியே இருக்கிறது. இரண்டு ஸ்டாண்டர்டும் கூடாது என்பது கறுப்புச் சாயலைத்தான். இன்றைய செட்டர்களுக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் பாமர்ஸ்டனுக்கே (பிறப்பு 1862) நெற்றியில் வெள்ளைக் கீற்று உண்டு. அதையும் கழிப்பீர்களா?

செம்பட்டை: கழிக்காதே என்பது வேறு, வளர்த்துவிடு என்பது வேறு. மற்ற எல்லாவற்றிலும் சமமான இரண்டு நாய்கள் ஷோவில் நின்றால் முழுச்சிவப்புக்குத்தான் கை போகும்.

தோகைவால்: அது ரசனை. கலப்பு என்றீர்களே, அதற்கு வருகிறேன். அயர்லாந்தில் சிவப்பு-வெள்ளைச் செட்டர்தான் மூத்தது. 19ஆம் நூற்றாண்டில் முழுச்சிவப்பு மோகம் ஏற ஏற அது அழியும் நிலைக்குப் போய், 1944இல் தனிச் சங்கம் வைத்து மீட்டார்கள். ஆக வெள்ளை என்பது வெளிச்சரக்கு இல்லை, பூர்வீகச் சொத்து.

மோப்பக்காரன்: பாதி ஒப்புக்கொள்கிறேன். எல்லாப் புள்ளியையும் பாட்டன் தலையில் கட்ட வேண்டாம். கருவில் நிற அணுக்கள் முதுகுப் பக்கத்திலிருந்து கீழே இறங்குகின்றன. மார்புக்கும் விரலுக்கும் கடைசியில்தான் போய்ச் சேரும். கொஞ்சம் பிந்தினால் அங்கே வெள்ளை. எந்த இனத்திலும் நடக்கும்.

உண்மையில் பார்க்க வேண்டியது கறுப்பு முடி. செட்டரின் சிவப்பு, எம்.சி.1.ஆர். என்ற மரபணுவின் ஒடுங்கிய வடிவம் தாய் தந்தை இரு பக்கமும் வருவதால் உண்டாவது. அந்த நாயின் முடியில் கறுப்பு நிறமி உருவாகாது. காதோரத்தில் நிஜமான கறுப்பு முடி இருந்தால் பெற்றோரில் ஒன்றையாவது சந்தேகிக்கலாம். மூக்கு, இமை ஓரம் கறுப்பாக இருப்பது சரியே. அந்த மரபணு தோலைத் தொடுவதில்லை.

செம்பட்டை: சரி, வெளிறிய ஆரஞ்சு நிறமும் பஞ்சு போன்ற முடியும் கலப்பின் அடையாளம் இல்லையா?

தோகைவால்: கருத்தடை செய்த செட்டருக்கு அது சகஜம். வெயிலும் முடி நுனியை வெளுக்கும். நிறத்தை விட்டுத் தலையைப் பாருங்கள்: நீண்டு ஒடுங்கிய தலை, இரு காதுக்கிடையே முட்டை வடிவ மண்டை, நெற்றிக்கும் மூக்குப் பகுதிக்கும் நடுவே தெளிவான இறக்கம், நுனியில் கிட்டத்தட்டச் சதுரமான வாய்ப்புறம். காது தாழ்வாக, பின்தள்ளி, மடிந்து தலையோடு ஒட்டித் தொங்க வேண்டும். உயரம் ஆண் 58–67 செ.மீ., பெண் 55–62. பின்னங்காலிலும் வாலடியிலும் நீள முடிக் குஞ்சம் நேராக விழ வேண்டும், சுருண்டால் குறை.

மோப்பக்காரன்: விற்பவரிடம் கேட்க வேண்டியது கிளாட், ஆர்.சி.டி.1 இரண்டுக்கும் மரபணுச் சோதனைத் தாள். முன்னது நோயெதிர்ப்பைக் கெடுத்துக் குட்டியிலேயே கொல்லும், பின்னது கண்ணைக் குருடாக்கும். தனக்கு நோயில்லாமல் ஒரே குறையைச் சுமக்கும் இரண்டு நாய்களைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. சுமக்காத நாயோடு சேர்த்தால் நோய் வராது.

செம்பட்டை: தாள் விஷயத்தில் மறுப்பில்லை. வெள்ளைப் பொட்டு எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.