மறு: ஏரியின் ‘பஃபரிங்’ குணத்துக்கு என்ன சொல்?

அன்பர்களே,

‘அமில மழை’யில் நமக்குச் சிக்கல் இல்லை. 1872இல் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் தம் நூலில் ஆண்ட சொல்லை அப்படியே தமிழாக்கிக்கொண்டோம், நிலைத்துவிட்டது. என் கட்டுரையில் நான் திணறுவது அந்த மழை ஏரியில் விழுந்த பிறகு, வருகிற அமிலத்தை ஏரி தானே முறித்துக்கொள்ளும் ‘பஃபரிங்’ குணத்தைச் சொல்லும் இடத்தில்.

மாசில்லாத மழையே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு பிஎச் 5.6 அளவில்தான் விழுகிறது (பிஎச் 7 நடுநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடும்). கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்தால் 4.3க்குக்கூட இறங்கும். ஆனால் ஒரே மழையில் நனையும் இரண்டு ஏரிகளில் ஒன்று அசைவதில்லை, இன்னொன்று செத்துப்போகிறது. சுண்ணாம்புப் பாறை மேல் கிடக்கும் ஏரியில் பைகார்பனேட் நிறைய. வருகிற அமிலத்தைத் தின்றுவிடும். கிரானைட் படுகையில் அது சொற்பம். இந்த வேறுபாட்டுக்குத்தான் சொல் தேடுகிறேன்.

> பாடநூலில் ‘தாங்கல் திறன்’ இருக்கிறதே, போதாதா?

வேதியியல் வகுப்புக்குப் போதும். ஆனால் தாங்கல் என்றாலே ஒரு வகை நீர்நிலைதானே? ஊர்ப் பெயர்களின் வாலில் ஒட்டியிருப்பதும் அதுதான். ‘ஏரியின் தாங்கல் திறன்’ என்றால் எவ்வளவு தண்ணீர் கொள்ளும் என்று புரிந்துகொள்வார்கள். எழுதிய நானே மறுநாள் அப்படித்தான் படித்தேன்!

> ‘காரத்தன்மை’?

அது இன்னும் மோசம். பிஎச் 6.5 உள்ள ஏரி லேசான அமிலம். அதிலும் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் இருக்கும். அதற்குப் போய்க் காரத்தன்மை என்று பெயர் வைத்தால் யாருக்குப் புரியும்?

என் பரிந்துரை: ‘அமிலமுறி இருப்பு’. நச்சுமுறி என்கிறோமே, அந்த முறி. திறன் என்றால் ஏரியோடு பிறந்த குணம் போல ஒலிக்கிறது. இதுவோ செலவாகும் சரக்கு. மழை எடுத்துக்கொண்டே இருக்கும், பாறை கரைந்து மெல்ல ஈடுகட்டும். எடுப்பது மிஞ்சினால், ஆண்டுக்கணக்கில் பெரிதாக அசையாத பிஎச் சட்டென்று சரியும். மண்ணிலிருந்து அலுமினியம் கரைந்து வந்து மீன்களின் செவுளைக் கெடுக்கும். பிஎச் 5இல் பெரும்பாலான மீன் முட்டைகள் பொரிவதில்லை. தண்ணீர் மட்டும் கண்ணாடி மாதிரி தெளிந்து கிடக்கும். அதையே சரிசெய்யாமல் குடிநீராக அனுப்பினால் குழாயின் செம்பையும் ஈயத்தையும் கரைத்துக்கொண்டு வரும்.

----

ஐயா,

‘முறி’ அருமை. ‘இருப்பு’தான் உறுத்துகிறது. முறிக்கும் பொருளைவிட அமிலம் மிஞ்சினால் இந்த அளவு சுழிக்குக் கீழும் போகும். லிட்டருக்கு 50 மைக்ரோ ஈக்விவலென்ட்டுக்கு (எவ்வளவு அமிலத்தை முறிக்கும் என்பதன் அலகு) குறைந்தால் எளிதில் பாதிக்கப்படும் ஏரி, சுழிக்குக் கீழே என்றால் அமில ஏரி என்று பிரிப்பது வழக்கம். இருப்பு எப்படி எதிர்மம் ஆகும்? ‘அமிலமுறி திறன்’ என்றே வைக்கலாமே?

----

திறன் மட்டும் எதிர்மம் ஆகுமா என்ன? இருப்பாவது பரவாயில்லை, வங்கிக் கணக்கில் தினமும் ஆகிறது. இன்னொன்று, ஸ்வீடனிலும் நார்வேயிலும் ஏரிகளில் சுண்ணாம்புக்கல் தூளைக் கொட்டி மீட்கிறார்கள். ‘இருப்பைக் கூட்டினார்கள்’ என்று ஒரே வீச்சில் எழுதிவிடலாம். பனி உருகும் நாள்களில் குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த அமிலம் மொத்தமாக இறங்கும்போது ‘இருப்பு கரைந்தது’ என்பதும் சரியாக உட்காருகிறது.

சேர்த்து எழுதினால் ‘அமிலமுறியிருப்பு’. அது மட்டும் வாய்க்குள் நுழையவில்லை. அதனால் கட்டுரையில் இடைவெளி விட்டே எழுதப்போகிறேன். புணர்ச்சி விதி பார்ப்பவர்கள் பொறுத்தருள்க.