ஃப்ரீபிஎஸ்டி 14.1க்கு ஏற்றிய பிறகு தானாக ரீபூட் ஆகிறது: பின்வாங்குவதா, காரணம் தேடுவதா?

நடுநிசி
ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் 14.0 பதிப்பு இருந்த என் மேசைக் கணினியைப் போன வாரம் 14.1க்கு ஏற்றினேன். அதுவரை மாதக்கணக்கில் அணைக்காமலே ஓடிய இயந்திரம். இப்போது ஒரு நாளில் இரண்டு மூன்று முறை திரை உறைந்து, சில நொடிகளில் தானாக ரீபூட் ஆகிறது. பெரும்பாலும் வீடியோ ஓடும்போதுதான். லாகில் எதுவும் பதிவாகவில்லை. டிஸ்கில் இருப்பது இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை, பழைய பூட் என்விரான்மென்ட் (ஏற்றுவதற்கு முன்பிருந்த அமைப்பின் பூட் செய்யக்கூடிய நகல்) அப்படியே இருக்கிறது. பின்வாங்கிவிடவா, ராம் போய்விட்டதா என்று பார்க்கவா?

மலைத்தேன்
இன்றைக்கே பின்வாங்குங்கள். போன வாரம் வரை ஓடிய வன்பொருள் சரியாக அப்கிரேட் அன்று பழுதாகாது. பழைய என்விரான்மென்ட்டை ஆக்டிவேட் செய்து ரீபூட் செய்தால் போதும், ஐந்து நிமிட வேலை. நிறுவிய பேக்கேஜ்களும் அவற்றின் தரவுத்தளமும் அதற்குள்ளேயே இருப்பதால் அவையும் சேர்ந்தே பழைய நிலைக்குப் போகும். ஒன்று மட்டும்: பூலை (இசட்எஃப்எஸ்ஸின் டிஸ்க் தொகுப்பை) அப்கிரேட் செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் தொடவே வேண்டாம். புதிய அம்சங்களை இயக்கிய பூலைப் பழைய கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) ஏற்காமல் போகலாம்.

கல்தூண்
எனக்கு இதில் உடன்பாடில்லை. பின்வாங்கினால் ரீபூட் நிற்கலாம், ஆனால் காரணம் தெரியாது. அடுத்த முறை ஏற்றும்போது அதே இடத்தில் வந்து நிற்பீர்கள். லாகில் ஒன்றும் இல்லை என்றால் கெர்னல் பேனிக் ஆகி (மீள முடியாத பிழையில் நின்றுபோய்), டம்ப் (அந்த நேர நினைவகத்தின் நகல்) எழுத இடமில்லாமல் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். ஆர்சி.கான்ஃப் அமைப்புக் கோப்பில் டம்ப்டெவ் மதிப்பை ஆட்டோ என்று வையுங்கள். அடுத்த பேனிக்கில் நினைவகத்தின் நகல் ஸ்வாப்பில் (டிஸ்கின் மாற்று நினைவகப் பகுதியில்) விழும். மறு பூட்டில் சேவ்கோர் என்ற நிரல் அதை /வார்/கிராஷ் அடைவில் எடுத்து வைக்கும். இரண்டு மூன்று டம்ப் சேர்ந்ததும் ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுந்தால் ராமைச் சந்தேகிக்கலாம். ஒரே ஃபங்ஷனில் விழுந்தால் அது பெரும்பாலும் நிரலின் குற்றம்.

மலைத்தேன்
அதாவது அவர் இன்னும் மூன்று முறை வேலையை இழக்க வேண்டும் என்கிறீர்கள். பேனிக் வந்தாலும் இசட்எஃப்எஸ் தன் கட்டமைப்பைக் காப்பாற்றிக்கொள்ளும். சேமிக்காத கோப்பை யார் காப்பாற்றுவது? அப்புறம், பின்வாங்கினால் தடயம் அழிந்துவிடும் என்று நினைக்கவும் வேண்டாம். வழக்கமான நிறுவலில் /வார்/லாக், /வார்/கிராஷ் இரண்டும் தனி டேட்டாசெட் (பூலுக்குள் தனிக் கோப்பு முறைமை). என்விரான்மென்ட் மாறினாலும் அவை அப்படியே இருக்கும்.

கல்தூண்
இருக்கும். ஆனால் இன்று அங்கே இருப்பது வெற்று அடைவு! எடுக்காத தடயத்தை எங்கே காப்பாற்றுவது?

2023 நவம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். இசட்எஃப்எஸ்ஸின் திறமூல வடிவமான ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.2.0 வந்த கையோடு, எழுதிய உடனே நகலெடுத்த சில கோப்புகளில் சில பகுதிகள் வெறும் சுழியமாகிவிட்டன. எல்லோரும் தரவை மறுபடி எழுதாமலே நகலெடுக்கும், புதிதாக வந்த பிளாக் குளோனிங்கைத்தான் கைகாட்டினார்கள். தோண்டிப் பார்த்தபோது பிழை அதற்கு முன்பே இருந்திருக்கிறது, 2.1 வரிசையிலும் கூட. அதனால்தான் 2.2.2, 2.1.14 என்று இரண்டுக்கும் திருத்தம் வந்தது. பழைய பதிப்புக்கு ஓடியவர் தப்பித்ததாக நினைத்திருப்பார், தப்பித்திருக்க மாட்டார்.

மலைத்தேன்
அதே கதையில் நடுவில் ஒரு படி இருக்கிறது, அதை விட்டுவிட்டீர்கள். காரணம் தெரியும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை. 2.2.1இல் பிளாக் குளோனிங்கை முதலில் அணைத்தார்கள், ஆராய்ச்சி அப்புறம் நடந்தது. நான் சொல்வதும் அதுவே.

கல்தூண்
அணைத்த பிறகும் பிழை நிற்கவில்லையே. யாரோ விடாமல் அதைத் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்த்ததால்தான் உண்மை தெரிந்தது.

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இது பிறர் நம்பியிருக்கும் சர்வர் என்றால் முதலில் பின்வாங்கச் சொல்லியிருப்பேன். மேசைக் கணினியில் இரண்டு நாள் பொறுக்கலாம்.

சிறுதுளி
இருவரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். நிறுவிய கெர்னல், ஓடும் கெர்னல், யூசர்லேண்ட் (கெர்னலுக்கு வெளியே உள்ள அடிப்படை நிரல்கள்) மூன்றும் 14.1 என்று காட்டுகிறதா? பாதியில் நின்ற அப்கிரேட்டில் கெர்னல் மட்டும் புதியதாக இருக்கும். வழக்கமாக ஓட்டும் யூநேம் கட்டளை ஓடும் கெர்னலின் பதிப்பை மட்டும் காட்டும், அதைக் காட்டிக்கொடுக்காது. அடுத்தது, கிராபிக்ஸ் மாட்யூலை (கெர்னலில் ஏற்றும் இயக்கியை) எப்படி நிறுவினீர்கள்? வீடியோ ஓடும்போது விழுகிறது என்றால் என் கண் முதலில் அங்கேதான் போகும். பெரிய பதிப்பு மாறினால் பழைய மாட்யூலைக் கெர்னல் ஏற்க மறுத்துவிடும். 14.0க்குக் கட்டியதை 14.1 மறுக்காது. ஏற்றிக்கொள்ளும், உள்ளே ஒரு கட்டமைப்பின் அளவு மாறியிருந்தால் பிறகு எங்கோ விழும்.

நடுநிசி
மூன்றும் 14.1தான். ஆனால் மாட்யூல் விஷயம் சுருக்கென்றது. அந்தக் கிராபிக்ஸ் மாட்யூலான டிஆர்எம்மை 14.0 காலத்தில் நானே போர்ட்ஸிலிருந்து (மூலநிரலிலிருந்து நிரல்களைக் கட்ட உதவும் தொகுப்பு) கட்டி, பேக்கேஜ் அப்கிரேட் அதைத் தொடாமல் இருக்கப் பூட்டி வைத்திருந்தேன். மறந்தே போய்விட்டது.

டம்ப்டெவ் வைத்துவிட்டேன். இன்று இரவு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடும்.

நடுநிசி (பன்னிரண்டு நாள் கழித்து)
மெம்டெஸ்ட் நான்கு சுற்றிலும் ஒரு பிழையும் இல்லை. மூன்று டம்ப் கிடைத்தன. மூன்றிலும் டிராப் 12, கெர்னல் மோடில் பேஜ் ஃபால்ட், அதாவது கெர்னல் தவறான நினைவக முகவரியைத் தொட்டிருக்கிறது. மூன்றிலும் பின்தடம் (விழுமுன் ஓடிய ஃபங்ஷன்களின் வரிசை) டிஆர்எம்முக்குள்ளேயே போய் முடிகிறது. பூட்டை எடுத்துவிட்டு மாட்யூலை மறுபடி கட்டினேன். முதல் முயற்சி வீண்: /யூஎஸ்ஆர்/எஸ்ஆர்சியில் 14.0இன் மூலநிரல் கிடந்தது, அதைப் பார்த்தே மாட்யூல் மறுபடி கட்டப்பட்டது. 14.1 மூலநிரலை இறக்கிக் கட்டிய பிறகு எட்டு நாளாக ஓடுகிறது. வீடியோவும் ஓடுகிறது.

மலைத்தேன்
நல்ல செய்தி. ஆனால் அந்த மூன்று டம்ப்புக்காக மூன்று முறை விழவிட்டீர்கள். மாட்யூலை மறுபடி கட்டியிருந்தால் ஒரு முறையும் விழ வேண்டியதில்லை. சிறுதுளி கேட்ட கேள்விக்கு டம்ப் தேவைப்படவில்லை.

கல்தூண்
டம்ப் இல்லையென்றால் முதல் முயற்சி வீணானபோது மாட்யூல் மேல் இருந்த சந்தேகத்தையே கைவிட்டு ராம் மாற்றப் போயிருப்பார். பின்வாங்கியிருந்தாலும் 14.0இல் எத்தனை நாள் இருக்க முடியும்? அதன் ஆதரவு 2024 செப்டம்பர் 30 அன்றே முடிந்துவிட்டது.

சிறுதுளி
நடுநிசி, ஒரு சின்னக் குறிப்பு. போர்ட்ஸ் மாட்யூல்களைக் கெர்னலோடு சேர்த்துக் கட்டும் அமைப்பு ஒன்று உண்டு, ஆனால் அது கெர்னலை மூலநிரலிலிருந்து கட்டுபவர்களுக்கு மட்டும். நீங்கள் கட்டிவைத்த கெர்னலை இறக்கும் ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் கட்டளை வழியாக ஏற்றுவதால் ஒவ்வொரு முறையும் கையால்தான் கட்ட வேண்டும். முதலில் மூலநிரல், பிறகு மாட்யூல்.