தானியம் சேர்க்காத பீட்சா: புதிதாக மெல்பர்ன் வந்தவர்களுக்கு

மகனுக்குத் தானியமே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், பீட்சாவுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்த கொடைக்கானல் தங்கைக்கும், அவரைப் போல அண்மையில் குடியேறிய மற்றவர்களுக்கும் இதை எழுதுகிறேன். விடுமுறைக்காக இப்போது கொடைக்கானல் பக்கத்திலுள்ள பூம்பாறையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். நேற்று இரவு இந்த அடுப்படியிலேயே பேரிக்காயும் பூண்டும் வைத்து ஒன்று செய்தோம்.

கடையில் 'குளூட்டன் இல்லாதது' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அதில் கோதுமை இல்லாவிட்டாலும் அரிசி மாவோ சோள மாவோ இருக்கக்கூடும், இரண்டும் தானியம்தான். பேக்கிங் பவுடரிலும் பெரும்பாலும் சோள மாவு கலந்திருக்கும். நம் ஊர்க் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது வழக்கம் என்பதால், ஊரிலிருந்து கொண்டுவந்த டப்பாவையும் ஒருமுறை திருப்பிப் படியுங்கள். பாதாம் மாவு என்று கேட்டு, பாலில் கலக்கும் சர்க்கரை சேர்த்த பாதாம் பொடியை வாங்கி வந்தவர்களும் உண்டு. நமக்கு வேண்டியது வெறும் பாதாமை அரைத்த மாவு.

100 கிராம் பாதாம் மாவு, 170 கிராம் மொசரெல்லா சீஸ், ஒரு முட்டை, சிறிது உப்பு ஆகியவை ஒரு பீட்சாவுக்குப் போதும். பாதாமில் கோதுமையின் பசைத்தன்மை கிடையாது. மாவைப் பிடித்து வைப்பவை உருகிய சீஸும் முட்டையும்தான். ஆகவே சீஸை உருக்கி, மாவையும் முட்டையையும் சேர்த்து, சூடு ஆறுவதற்குள் பிசைந்து, இரண்டு பேக்கிங் தாள்களுக்கு நடுவே வைத்துத் தேய்க்க வேண்டும். முள்கரண்டியால் ஆங்காங்கே குத்திவிட்டு, 200 டிகிரியில் பத்து நிமிடம் வெறுமையாகவே வேகவிட்டு, திருப்பிப் போட்ட பிறகுதான் மேலே எதையும் வைக்க வேண்டும். மைதா பீட்சாவுக்கு வைக்கும் கடுஞ்சூட்டை வைத்தால் பாதாம் கருகிவிடும்.

நான் முதன்முறை செய்தபோது, கனிந்த பேரிக்காயைப் பச்சையாகவே அடுக்கி ஓவனில் வைத்தேன். அதன் சாறு இறங்கி அடித்தட்டு முழுவதும் நனைந்து, கடைசியில் அதைக் கரண்டியால் அள்ளித்தான் சாப்பிட்டோம். இந்த அடித்தட்டு ஈரத்தைத் தாங்காது. பேரிக்காய் சற்றுக் கெட்டியாக இருக்கும்போதே மெல்லிய வில்லைகளாக நறுக்கி, வாணலியில் நீர் வற்றும்வரை வதக்கிக்கொள்ளுங்கள். வெங்காயத்துக்கும் இதே கதிதான். தக்காளிச் சாற்றை நான் சேர்ப்பதேயில்லை.

மணத்துக்கும் காரத்துக்கும் பூண்டும் பச்சை மிளகாயும் போதும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் மலைப்பூண்டின் நெடி அங்கே கடைப் பூண்டில் வராது. அதற்காகப் பையில் வைத்துக் கொண்டுபோக நினைக்காதீர்கள், பச்சைப் பூண்டையும் பழத்தையும் ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். கிடைக்கும் பூண்டையே நெய்யில் சிறு தீயில் பொன்னிறமாக வதக்கினால், பேரிக்காயின் இனிப்போடு நன்றாகச் சேரும். பீட்சாவை அடுப்பிலிருந்து இறக்கிய பின்பே தேனை ஊற்றுங்கள். முன்பே ஊற்றினால் அதுவும் கருகும்.

ஓவன் இல்லாத வாடகை அறையில் இருப்பவர்கள் தோசைக்கல்லிலேயே செய்யலாம். நேற்று நாங்களும் அப்படித்தான் செய்தோம். பாதாமை மிக்ஸியில் விட்டுவிட்டு அரைத்து (தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிவிடும்), சிறு தீயில் மூடிபோட்டு வேகவைத்து, ஒரு தட்டில் கவிழ்த்துத் திருப்பிப் போட்டோம். அம்மா தம் பங்குக்கு மட்டும் தேன் வேண்டாமென்று மிளகைத் தட்டித் தூவிக்கொண்டார். எனக்கும் பாதி அப்படியே வாங்கிக்கொண்டேன்.