வில்லால வான்கோழி வேட்டை: நாண் இழுக்க கைய தூக்குனாலே ஓடிடுது

டெக்சாஸ்_தம்பி:
டெக்சாஸ் ஹில் கன்ட்ரில நண்பர் ரான்ச்ல (பண்ணை) இந்த ஸ்பிரிங் சீசனுக்கு போறேன், மான் ரெண்டு வருஷமா அடிக்கிறேன் ஆனா வான்கோழி இதான் முதல் தடவை. பாக்ஸ் கால்ல (உரசுனா கோழி சத்தம் வர்ற மரப்பெட்டி) பொட்டைக்கோழி மாதிரி குரல் குடுத்தா சேவல் கத்திக்கிட்டே 25 யார்டு வரைக்கும் வருது, மரத்துல சாஞ்சு உக்காந்திருக்கேன், வில்ல இழுக்கப் போனா ஒரே ஓட்டம். மூணு நாள் காலைல இதே கதை. முகம் முழுக்க கேமோ (காட்டோட கலந்துபோற டிசைன்), வாசனை வரக்கூடாதுன்னு சோப்பு கூட மாத்திட்டேன்.

ராத்தூக்கம்போச்சு:
சோப்ப விடுங்க ப்ரோ, அது மானுக்கு. வான்கோழிக்கு மோப்பம் ரொம்ப கம்மி, எல்லாம் கண்ணு தான், கலரும் தெரியும், தலைய லேசா திருப்புனா சுத்தி மொத்தமும் தெரியும். துப்பாக்கிக்காரன் முட்டி மேல வச்சு குறி பாத்தபடியே இருக்கலாம், நமக்கு கை அசைஞ்சே ஆகணுமே. பிளைண்ட் வாங்குங்க, அதான் உள்ள மறைஞ்சு உக்கார்ற சின்ன கூடாரம். உள்ள இருட்டா இருக்கும்ல, அதனால கேமோ வேணாம், கருப்பு சட்டை கருப்பு கிளவுஸ். பின்பக்க ஜன்னல மூடிடுங்க, இல்லன்னா வெளிச்சத்துல உங்க உருவம் அப்படியே தெரியும்.

பழைய_வில்லு:
கூடவே ஒரு இளஞ்சேவல் டிகாய் (ஏமாத்துற பொம்மை), உங்கள பாத்த மாதிரி 8 யார்டுல நட்டு வைங்க. பெரிய சேவல் அதோட மூஞ்சிக்கு நேரா நின்னு மல்லுக்கு வரும், அப்போ அதோட முதுகு உங்க பக்கம். விரிச்ச தோகை தலைய மறைக்கும் பாருங்க, அந்த நேரம் இழுங்க.

அப்புறம் எங்க அடிக்கிறதுன்னு தெரிஞ்சுக்கோங்க. சிலிர்த்து நிக்கிறப்ப பந்து மாதிரி தெரியும், பாதி வெறும் இறகு, உயிர்நிலை நம்ம மூடுன கை அளவு தான். பக்கவாட்டுல நின்னா இறக்கை உடம்போட சேர்ற இடம், முதுகு காட்டுனா வாலோட அடிப்பகுதி. நான் ஒரு தடவ நெஞ்சுல அடிச்சு, அம்போட பறந்து போச்சு, சாயங்காலம் வரைக்கும் தேடியும் கிடைக்கல, இன்னைக்கும் மனசு கேக்கல.

ராத்தூக்கம்போச்சு:
ஒண்ணு விட்டுப்போச்சு, சிவப்பு வெள்ளை நீலம் எதுவும் போடாதீங்க, கர்சீஃப் கூட. சேவல் தலை அந்த கலர் தான், பொது நிலத்துல வேற ஆளு உங்கள கோழின்னு நெனச்சுட்டா போச்சு.

டெக்சாஸ்_தம்பி:
கேமோவுக்கு செலவு பண்ண காச நெனச்சா தான்... சரி பிளைண்ட் பாக்குறேன். கால் கறி ரப்பர் மாதிரி இருக்குமாமே?

பழைய_வில்லு:
நரம்பு ஜாஸ்தி, நெஞ்சுக்கறி மாதிரி சட்டுனு வேகாது. குக்கர்ல நல்லா வேகவிட்டு நரம்ப உருவிட்டு மிளகு போட்டு சுக்கா பண்ணுங்க.