தெர்மோஸ்டாட்டைக் கழற்றச் சொன்னவர் ஸ்லீவ் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை?

குறடு:
போன வாரம் பட்டறைக்காரன் இந்த மன்றத்தில் எழுதியதை நம்பி மோசம் போனேன். "மினி மார்கோஸ் சூடேறுகிறதா? தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள், தொல்லை விட்டது" என்று ஒரே வரி. மினி மார்கோஸ் என்பது மினி காரின் எஞ்சினைப் பூட்டிய என் சிறு பிரிட்டிஷ் கார். தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு. கழற்றினேன். ஞாயிறன்று இங்கிலாந்தில் கிராய்டனிலிருந்து பிரைட்டன் போகும் வழியில் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினால் துருநிறத் தண்ணீர் கொதித்து வழிந்து என் செருப்பு வரை வந்துவிட்டது. இதில் இருக்கும் ஏ-சீரிஸ் எஞ்சினில் தெர்மோஸ்டாட்டை எடுத்தால் அந்தக் குழியில் ஸ்லீவ் என்ற உலோக வளையம் போட வேண்டும். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் தண்ணீர் பம்ப்புக்கும் நடுவே விரல் நீளத்தில் மடிப்பு மடிப்பாக பைபாஸ் ஹோஸ் என்று ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. அதன் வாயை ஸ்லீவ்தான் அடைக்கும். அடைக்காவிட்டால் வெந்நீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்கே திரும்பிவிடும். இதை எழுத இன்னொரு வரி செலவாகியிருக்குமா?

பட்டறைக்காரன்:
சென்னையில் 22 ஆண்டு அம்பாசிடர் பார்த்தவன் நான். 1489 சிசி பி-சீரிஸ் எஞ்சின். உங்கள் ஏ-சீரிஸுக்கு அண்ணன் முறை. கத்திரி வெயிலில் அண்ணா சாலை நெரிசலில் நின்ற டாக்ஸிகளில் எத்தனையில் தெர்மோஸ்டாட் இருந்தது என்று போய் விசாரித்துப் பாருங்கள். ஸ்லீவ் என்ற பேச்சே எங்கள் பட்டறையில் எழுந்ததில்லை.

குறடு:
எழவில்லை என்பதைத்தான் நானும் சொல்கிறேன். ஸ்லீவ் போட வேண்டுமா, வேண்டாமா?

வேகமானி:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். கார் சூடேறியது நெரிசலிலா, வேகத்திலா? மினி வகையில் ரேடியேட்டர் பக்கவாட்டில் நிற்கிறது. விசிறி காற்றை வீல் ஆர்ச்சுக்குள் தள்ளுகிறது. நின்றால் மட்டும் சூடேறினால் விசிறியைப் பாருங்கள். ஓடும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பைப் பாருங்கள். இது தெரியாமல் என்ன பேசுகிறோம்?

குறடு:
ஸ்லீவ் பற்றிப் பேசுகிறோம்.

நீராவி:
பட்டறைக்காரன் அண்ணன் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் விரைந்து ஓடிவிடும். ரேடியேட்டரில் சூடு இறங்க நேரமே இருக்காது. கொதித்ததற்கு அதுதான் காரணம்.

குறடு:
தவறு, முழுத் தவறு. தண்ணீர் வட்டமாக ஓடுகிறது. ரேடியேட்டரில் குறைந்த நேரம் நின்றால் எஞ்சினிலும் குறைந்த நேரம்தான் நிற்கும். வேகம் கெடுதல் செய்யாது. தடையே இல்லாமல் போனால் ஹெட்டுக்குள் அழுத்தம் குறையும், அதுதான் கெடுதல். 2, 3ஆம் சிலிண்டர்களுக்கு நடுவே ஒரே எக்ஸாஸ்ட் வழி. அங்கேதான் முதலில் நீராவிக் குமிழ் கிளம்பும். ஸ்லீவ் அந்தத் தடையையும் தருகிறது. பட்டறைக்காரன் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

கண்ணாடியிழை:
என்னிடமும் மார்கோஸ் இருக்கிறது. உடல் முழுவதும் ஃபைபர், மின்சாரம் அதன் வழியே திரும்பாது. எர்த் கம்பி தளர்ந்திருந்தால் விளக்கைப் போட்டவுடன் எஞ்சின் சூடாகாமலே முள் ஏறும். இரண்டு குளிர்காலம் நல்ல எஞ்சினைச் சந்தேகப்பட்டே வீணாக்கினேன். முதலில் எர்த்தைச் சோதியுங்கள்.

குறடு:
என் செருப்பை நனைத்தது முள் அல்ல ஐயா, தண்ணீர்.

பட்டறைக்காரன்:
பெட்டியில் வந்த பாகங்களை வீட்டிலேயே பூட்டி மார்கோஸ் செய்தவருக்கு இவ்வளவு கோபம் ஆகாது. தொழிற்சாலையில் பிறந்த கார் வேறு, வீட்டுக் கொட்டகையில் பிறந்த கார் வேறு. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் போயிருக்கும். அழுத்தம் நிற்காவிட்டால் 100 டிகிரியில் கொதிக்கும். ஒரு பார் அழுத்தம் நின்றால் 120 வரை தாங்கும். மூடியைப் பார்க்காமல் என்மேல் பழி.

குறடு:
கொட்டகையில் பிறந்த காரா? பிரான்சில் 1966 லெமான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை முடித்த ஒரே பிரிட்டிஷ் கார் மினி மார்கோஸ். அம்பாசிடர் எந்தப் பந்தயத்தை முடித்தது?

நீராவி:
ஓட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். முடித்த 15 கார்களில் அது 15ஆவது.

குறடு:
முடிக்காதவர்களை எண்ணிப் பாருங்கள்.

பட்டறைக்காரன்:
அம்பாசிடர் குடும்பங்களைச் சுமந்தது. ஊட்டி மலையில் ஏழு பேரோடு ஏறியது. அதற்குப் பதக்கம் கிடையாதுதான்.

குறடு:
அதே மலையில் ஓரமாக நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், என் அப்பாவின் காரிலேயே. பாட்டில் பிடித்தவன் நான்தான். ஸ்லீவ் இல்லாமல் ஓட்டியதன் பலன் அது. சென்ற ஆண்டு "ஆன்டிஃப்ரீஸ் வேண்டாம், குழாய்த் தண்ணீர் போதும்" என்றவரும் நீங்கள்தான். இங்கே உறைபனியில் தண்ணீர் உறைந்து எஞ்சின் பிளாக் வெடிக்கும் என்று சொன்னவன் நான். அதற்கும் பதில் வரவில்லை.

வேகமானி:
நெரிசலிலா, வேகத்திலா? மூன்று நாளாகக் கேட்கிறேன்.

பட்டறைக்காரன்:
82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் வாங்கித் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் மன நிம்மதிக்காக. நான் சொன்னதில் பிழையில்லை.

குறடு:
நேற்றே போட்டுவிட்டேன். பைபாஸ் ஹோஸையும் மாற்றினேன். பம்ப்பைக் கழற்றாமல் அதை நுழைக்க ஒரு மாலை முழுதும் போயிற்று, விரல் முட்டிகளில் தோல் இல்லை. இன்று இருபது மைல் ஓட்டினேன், முள் நடுவிலேயே நின்றது. இப்போதாவது சொல்லுங்கள்: ஸ்லீவ் போட வேண்டுமா, வேண்டாமா?

நீராவி:
தண்ணீரின் வேகம் குறைந்தது, அதனால்தான் நின்றது.