படக்கூடத்தில் பெரிய படங்கள் ஏறாமல் நின்றதன் காரணம்

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் இணையப் படக்கூடத்தில் பெரிய படங்களை ஏற்றும்போது, எவ்வளவு ஏறியது என்று காட்டும் பட்டை நூறு விழுக்காட்டைத் தொட்டபின் ‘பிழை’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். இணைய வேகம் போதவில்லை என்று நான் முதலில் அனுப்பிய பதில் தவறானது, அதற்காக வருந்துகிறேன். ஒரே கணினியில், ஒரே இணைப்பில் 11 எம்பி கேமராப் படம் ஏறிவிட்டது, 6 எம்பி ஸ்கேன் படம் ஏறவில்லை என்று நம் உறுப்பினர் ஒருவர் அனுப்பிய குறிப்புதான் சரியான இடத்தைக் காட்டியது. சிறிய கோப்பு நின்று பெரிய கோப்பு போகிறதென்றால், தடை கோப்பின் எடையில் இல்லை.

எடைக்கான தடைகளும் உண்டு. கோப்பை முதலில் வாங்கிக்கொள்ளும் இணையச் சேவையக மென்பொருளான என்ஜின்எக்ஸ் தானாக அனுமதிப்பது 1 எம்பி மட்டுமே. அதைத் தாண்டினால் 413 என்ற எண்ணோடு திருப்பிவிடும். கூடத்தின் நிரல் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியில் ஒரு கோப்புக்கு 2 எம்பி, ஒரு முறை அனுப்பும் மொத்தத்துக்கு 8 எம்பி என்பவை இயல்பு வரம்புகள். மொத்த வரம்பைத் தாண்டினால் பிஎச்பி கோப்பையும் படிவத்தையும் வெறுமையாக நிரலிடம் கொடுத்துவிடுவதால், எதுவுமே அனுப்பப்படாததுபோல் தோன்றும். கூடத்தை நிறுவியபோதே இம்மூன்றையும் 64 எம்பி ஆக்கிவிட்டோம் என்பதால், நம் சிக்கல் இவற்றைக் கடந்தபிறகுதான் தொடங்குகிறது.

படம் முழுதாக வந்து சேர்ந்ததும் சேவையகம் அதை விரித்து, பக்கத்தில் காட்டுவதற்கான சிறுபடம் செய்கிறது. ஜேபெக் என்பது சுருக்கி மடித்த வடிவம். விரிக்கும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட்டு நினைவகம் வேண்டும். ஏ4 தாளளவில் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்த படம் 4960க்கு 7016 பிக்சல், அதாவது ஏறத்தாழ 3.48 கோடி பிக்சல். அதை விரிக்க 13.9 கோடி பைட்டு தேவை. பிஎச்பியின் இயல்பான நினைவக வரம்பான 128 எம்பியோ 13.4 கோடி பைட்டுதான். மயிரிழையில் தாண்டுகிறது, நிரல் அந்த இடத்திலேயே இறந்துவிடுகிறது. 6000க்கு 4000 அளவுள்ள கேமராப் படத்துக்கு 9.6 கோடி பைட்டு போதும் என்பதால் அது ஏறிவிட்டது.

அதே கேமராவில் செங்குத்தாகப் பிடித்து எடுத்த படங்கள் மட்டும் ஏன் நிற்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். கேமரா படத்தைக் கிடையாகவே சேமித்து, ‘திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பைப் படக்கோப்புக்குள்ளேயே இருக்கும் எக்ஸிஃப் தகவலில் எழுதிவைக்கிறது. நம் கூடத்தின் நிரல் முதலில் படத்தைச் சுழற்றிவிட்டுத்தான் சிறிதாக்குகிறது. சுழற்றும் நேரத்தில் பழைய படமும் புதிய படமும் ஒருசேர நினைவகத்தில் இருக்க வேண்டியிருப்பதால் தேவை 19.2 கோடி பைட்டாகிவிடுகிறது. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, நின்றவை அத்தனையும் இந்த இரண்டு வகைக்குள் அடங்கின.

நினைவக வரம்பை 512 எம்பி ஆக்கியிருக்கிறேன். இதில் ஒரு மாலைப்பொழுது வீணானதைக் கூடத்தைப் பராமரிக்க முன்வரும் இளையவர்களுக்காகப் பதிவு செய்கிறேன். கட்டளைத் திரையில் கேட்டால் 512 என்கிறது, இணையப் பக்கமோ 128இலேயே நிற்கிறது. கட்டளைத் திரைக்கு ஒரு பிஎச்பி.ஐஎன்ஐ அமைப்புக்கோப்பு, இணையப் பக்கங்களுக்காகப் பிஎச்பியை இயக்கும் எஃப்பிஎம்முக்கு வேறொன்று. நான் திருத்தியது முதலாவதை. உலாவி வழியே, பிஎச்பியின் அமைப்புகளைக் காட்டும் பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தைத் திறந்து, எந்தக் கோப்பு ஏற்றப்பட்டது என்ற வரியைப் பார்த்த பிறகே எதையும் திருத்துங்கள்; திருத்தியபின் எஃப்பிஎம்மை மறுபடி தொடங்குங்கள்.

வரம்பை உயர்த்தினால் மட்டும் போதாது. நம் சேவையகத்தில் இருப்பது 2 ஜிபி; ஐந்து பேர் ஒரே நேரத்தில் பெரிய படங்களை ஏற்றினால் 2.5 ஜிபி வரை கேட்கக்கூடும், அப்போது தரவுத்தளமும் சேர்ந்து விழும். ஆகையால் ஒரே சமயத்தில் இயங்கும் பிஎச்பி செயல்களை மூன்றாகக் குறைத்துள்ளேன். நெரிசலான நேரத்தில் சிறுபடம் தோன்றச் சற்றுத் தாமதமாகும். பக்கத்தை மூடிவிடாமல் காத்திருக்க வேண்டுகிறேன்.

இணைப்பு நடுவில் அறுந்துபோகிறவர்களின் சிக்கல் வேறு. அவர்களுக்காகக் கோப்பைத் துண்டு துண்டாக அனுப்பும் வசதியை இயக்கியிருக்கிறேன். அறுந்தால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும்.

படங்களைச் சிறிதாக்கியோ, செய்திச் செயலி வழியாக எனக்கு அனுப்பியோ ஏற்ற முயல வேண்டாம். அவை படத்தைச் சுருக்கிவிடும், எக்ஸிஃப் தகவலையும் பெரும்பாலும் நீக்கிவிடும். பழைய குழுப்படத்தில் பின்வரிசையில் நிற்பவரின் முகம் அடையாளம் தெரிவதும் தெரியாமற்போவதும் அந்தப் பிக்சல்களில்தான் இருக்கிறது. மூலக்கோப்பையே ஏற்றுங்கள். இன்னும் நிற்குமானால், படத்தின் அகல உயரங்களைப் பிக்சலில், ஏற்ற முயன்ற நேரத்தோடு எழுதியனுப்புங்கள். பிழைப்பதிவில் அந்த நேரத்து வரியைத் தேடிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
படக்கூடப் பொறுப்பாளர்